அரைப்பேரும் விதியும்: இருண்ட பாடல்களை மொழிபெயர்ப்பது பற்றி

பள்ளி விடுமுறைக்காகப் பதுளையிலிருந்து என் மகளும் பேத்தியும் நமுனுகுலவுக்கு வந்திருந்தனர். இரண்டாம் நாள் மாலை, பேத்தி கடைவீதிக்குப் போயிருந்த வேளையில், மகள் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள்.

"இதப் பாருங்கப்பா. இந்தப் புள்ள என்னமோ எழுதி வச்சிருக்கா. படிக்கவே பயமா இருக்கு."

கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள். முதலாவதில் ஏதோ அந்நிய மொழியின் ஒலிகள் தமிழ் எழுத்தில். இரண்டாவதில் ஆங்கிலம். மூன்றாவதில் பேத்தியின் தமிழ். தமிழ்ப் பத்தியில் "சாவு" என்ற சொல் ஒரே பக்கத்தில் ஐந்து இடங்களில் இருந்தது. அவள் தரம் 10இல் படிக்கிறாள். தாய் பயந்ததில் வியப்பில்லை.

"எரிச்சிடவாப்பா?" என்று மகள் கேட்டாள்.

கேட்காமல் எடுத்த கொப்பியைக் கேட்காமல் எரிப்பது முறையல்ல என்று சொல்லிவைத்தேன். ஆனால் அவளுடைய அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990களில் ஊவாவிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்த எவருக்கும் அந்த அச்சம் புரியும். 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற கணக்கில் தற்கொலைகள் பதிவாயின. அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று அது. தோட்டப்புறத்தில் அந்தத் துயரம் தட்டாத லயம் அரிது. என் மகள் அந்த ஆண்டுகளில் வளர்ந்தவள். அவளுடன் படித்த ஒரு பிள்ளையின் பிரேத ஊர்வலத்தில் அவளும் நடந்திருக்கிறாள்.

பேத்தி திரும்பி வந்ததும் கொப்பியை அவளிடமே கொடுத்து, எடுத்துப் பார்த்தது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. அது தணிந்தபின் சொன்னாள்: "தாத்தா, இது நான் எழுதுன கதை இல்ல. ஜப்பான் பாட்டு. நான் மொழிபெயர்க்கிறேன்."

"யார் பாடியது?"

"யாருமே பாடல தாத்தா. மெஷின் பாடுது."

நாற்பது ஆண்டுகள் செய்தித்தாள் மேசையில் மொழிபெயர்ப்பே தொழிலாக இருந்தவன் நான். அன்றிரவு முழுவதும் பேத்தி எனக்குப் பாடம் நடத்தினாள். அவள் சொன்னதையும், பின்னர் நானே தேடிப் படித்ததையும், அதிலிருந்து எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

யமஹா நிறுவனம் உருவாக்கிய வோகலாய்ட் என்ற மென்பொருள் 2004இல் விற்பனைக்கு வந்தது. ஒரு மனிதக் குரலின் ஒலித்துண்டுகளைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, நாம் தட்டச்சு செய்யும் சொற்களை நாம் குறிக்கும் சுரங்களில் அது பாடிக் காட்டும். சப்போரோ நகரிலுள்ள கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா என்ற நிறுவனம் அதைக் கொண்டு 2007 ஆகஸ்ட் 31ஆம் திகதி ஹட்சுனே மிக்கு என்ற குரலை வெளியிட்டது. குரலுக்கு மூலம் ஃபுஜிதா சகி என்ற நடிகை. உறையில் நீலப்பச்சைக் கூந்தலுடன் ஒரு பெண்ணின் சித்திரம். வயது 16 என்று குறிப்பு. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவளுக்கு வயது 16தான். சொந்தக் கதை எதுவும் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. எவரும் தம் பாடலை அவள் வாயில் வைக்கலாம்.

வைத்தார்கள். பாடத் தெரியாதவர்கள், மேடையேறக் கூசியவர்கள், அறையை விட்டு வெளியே வர விரும்பாதவர்கள் எனப் பல்லாயிரவர் புனைபெயரில் பாடல் இயற்றி இணையத்தில் ஏற்றினார்கள். காதலும் கேலியும் அவற்றில் நிறைய உண்டு. ஆயினும் ஒரு பெரும் பகுதி இருண்டது: பள்ளியில் படும் கொடுமை, வீட்டில் எவரும் பேசாத தனிமை, தன்னைத் தானே வெறுப்பது, மறைந்துபோக விரும்புவது. மென்பொருள் தானே அழிக்கப்படும் கணத்தைப் பற்றிப் பாடுவதாக அமைந்த பாடல்கூட உண்டு. வொவாகா என்ற புனைபெயரில் எழுதிய இளைஞரின் 2010ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றுக்கு இரசிகர்கள் இன்றுவரை பலவிதமாகப் பொருள் கூறிக்கொண்டிருக்கிறார்கள். அவர் 2019இல் 31 வயதில் இதயச் செயலிழப்பினால் காலமானார். தம் பாடலின் பொருள் இதுதான் என்று சொல்ல இனி அவர் இல்லை.

பேத்தியின் கொப்பியிலிருந்த பாடல் அவ்வளவு புகழ்பெற்றதல்ல. அதன் பெயரை இங்கு எழுதவில்லை. அது அவளுடைய பாடல்.

நானும் அவளும் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தை மீண்டும் படித்தோம். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்குமளவு தெரிந்திருக்கிறது. "சாவு" என்று அவள் எழுதிய ஐந்து இடங்களிலும் மூலத்தில் இருந்த சொல் "கியெரு". விளக்கு அணைவதற்கும், பனி கலைவதற்கும், ஒலி தேய்ந்து அடங்குவதற்கும், ஆள் கண்ணில் படாமல் போவதற்கும் ஜப்பானியர் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சாவதற்கு வேறு சொல் உண்டு, அது "ஷினு". அந்தச் சொல் பாடலில் ஓரிடத்திலும் இல்லை. யாரோ ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பாளர், பாடலின் சோகத்தை வாசகருக்கு உறைக்கச் செய்ய எண்ணி, மறைதலைச் சாவாக்கியிருக்கிறார். பேத்தி அதை நம்பித் தமிழில் இன்னும் அழுத்தமாக எழுதியிருக்கிறாள். இரண்டு கை மாறியதில் பனி கலைந்தது பிரேதமாகிவிட்டது.

"கியெரு" என்பது சாவை ஒருபோதும் குறிப்பதில்லை என்று நான் வாதாடவில்லை. "மறைந்தார்" என்று நாமும்தான் இரங்கல் செய்தியில் எழுதுகிறோம். கவிஞர் இரண்டையும் நினைத்தே அச்சொல்லைத் தேர்ந்திருக்கலாம். அவர் திறந்து வைத்த கதவை மொழிபெயர்ப்பாளர் அடைத்துவிட்டார் என்பதே என் குறை.

அடுத்த சிக்கல் தன்மைப் பெயர். ஜப்பானிய மொழியில் "நான்" என்பதற்குப் பல சொற்கள். "வதாஷி" பொதுவானது. "பொகு" என்பது பெரும்பாலும் ஆண்பிள்ளைகள் சொல்வது. நம் பாடலில் பெண் குரல் "பொகு" என்று பாடுகிறது. ஆணின் கூற்றைப் பெண் பாடுகிறாளா? அல்லது தன்னை அப்படி அழைத்துக்கொள்ளும் பெண்ணா? ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே "நான்"தான். கேள்வியே காணாமல் போய்விடுகிறது.

மூன்றாவது சிக்கல்தான் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ஜப்பானிய வினைக்கு எழுவாய் வேண்டியதில்லை. தமிழிலும் எழுவாயைத் தொக்கவைக்கலாம். ஆனால் நம் வினைமுற்று விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தொலைந்தேன், தொலைந்தாய், தொலைந்தான், தொலைந்தாள் என ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய வினைக்கு அந்த விகுதி கிடையாது. தொலைந்தது யார் என்று பாடல் சொல்லவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் "நான்" என்று போட்டிருந்தார். அதனாலேயே பாடல் முழுவதும் ஒரு பிள்ளை தன் சாவை வேண்டி எழுதிய கடிதம்போல் ஆகியிருந்தது. மகள் வாசித்துப் பயந்தது அந்தக் கடிதத்தை.

இவ்வளவையும் நான் பேத்திக்கு ஆசிரியனைப்போல் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனம் உறுத்தியது. ஏனெனில் இதே தவற்றின் மறுபக்கத்தை நான் செய்திருக்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் நான் பணியாற்றிய நிறுவனத்தின் ஆங்கில வார இதழுக்குத் தோட்டப்புற நாட்டார் பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். ஊருக்கு வந்து, நமுனுகுலப் பகுதித் தோட்டமொன்றில் ஒப்பாரி பாடுவதில் பெயர்பெற்றிருந்த ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். அவர் தம் முதல் குழந்தைக்காகப் பாடிய ஒப்பாரியைச் சொன்னார். குழந்தைக்குக் காய்ச்சல். பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறார். போகாவிட்டால் பேர் இல்லை. தாமதித்துப் போனால் அரைப்பேர். முழு நாள் கூலியைப் பேர் என்றும் பாதிக் கூலியை அரைப்பேர் என்றும் சொல்வது தோட்ட வழக்கு. அன்று அவருக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். மாலையில் திரும்பியபோது குழந்தை இல்லை. ஓர் அரைப்பேருக்காக உன்னை விட்டுவிட்டுப் போனேனே என்பதே அந்த ஒப்பாரியின் உயிர்நாடி. கணக்கப்பிள்ளையின் பேனாவும், துரையின் மணியும், பெரட்டுக்களமும் அதில் ஒவ்வொன்றாக வந்து சாபம் வாங்கின.

அதை ஆங்கிலமாக்கும்போது "அரைப்பேர்" எனக்கு இடைஞ்சலாக இருந்தது. கொழும்பு வாசகருக்கு விளங்காது. அடிக்குறிப்புப் போட்டால் கவிதை கெடும் என்று எண்ணினேன். அந்த இடத்தில் "கொடிய விதி" என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தொடரைப் போட்டேன். கணக்கப்பிள்ளையின் பேனாவையும் எடுத்துவிட்டேன். கட்டுரை அழகாக வந்திருப்பதாகப் பலர் பாராட்டினார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது பத்திரிகையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என் ஆங்கிலத்தை அவருக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். கிழவி முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நான் விதின்னு சொல்லலையே ஐயா. அரப்பேருன்னுதானே சொன்னேன்" என்றார். குரலில் கோபமில்லை. ஏதோ நான் காதில் சரியாக வாங்கவில்லை என்று திருத்துகிற தொனி.

அவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. அவருடைய ஒப்பாரிக்கு அச்சில் எஞ்சியிருப்பது என் பொய்யான ஆங்கிலம் மட்டும்தான். தமிழ் மூலத்தைக் குறித்துவைத்த நோட்டுப்புத்தகம் 1983 யூலையில் பதுளை நகரம் எரிந்தபோது போன பொருள்களோடு போய்விட்டது.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இருட்டைக் கூட்டினார்; நான் குறைத்தேன். இரண்டினாலும் பாடியவர் சொன்னது காணாமல் போயிற்று. மொழிபெயர்ப்பில் சோகத்தின் அளவைச் சரியாகப் பிடிப்பது பெரிய காரியமல்ல. சோகத்தின் காரணத்தைப் பிடிக்க வேண்டும். அரைப்பேர் என்று இருக்கும்வரை அந்த ஒப்பாரியில் ஒரு குற்றவாளி நின்றுகொண்டிருந்தான். விதி என்று போட்டதும் அவன் விடுதலையாகிவிட்டான்.

நம் மலையக இலக்கியத்திலேயே இதற்குச் சரியான முன்மாதிரி உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, தொழிற்சங்கத்திலும் இலக்கியத்திலும் உழைத்து 1984இல் மறைந்தவர். தேயிலைத் தோட்டத்து மக்களின் துயரை அவர் நெடுங்கவிதையாக முதலில் எழுதியது ஆங்கிலத்தில். அதைச் சக்தீ பால-ஐயா தமிழாக்கினார். நம் பாட்டன்மாரின் வேதனை நமக்கே மொழிபெயர்ப்பின் வழியாக வந்துசேர்ந்த விசித்திரம் அது. பின்னர் வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். கடல் கடந்த பயணமும், கங்காணியும், கொழுந்தும், காய்ச்சலும், பிரிவும், தோட்டத்து உழைப்பின் சொற்களோடு இன்றும் நமக்குக் கிடைப்பது அந்த உழைப்பினால். தோட்டத்துச் சொற்களைத் தோட்டத்துச் சொற்களாகவே அச்சேற்றிய அந்தத் துணிவு எனக்கு அக்காலத்தில் இருக்கவில்லை.

"இப்படிப்பட்ட பாட்டுகள் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று மகள் மறுநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் இரண்டு விடைகள் சொன்னேன்.

முதலாவது, இருண்ட பாட்டு ஜப்பானிய இயந்திரத்தோடு வந்ததல்ல. தாலாட்டே பல இடங்களில் இருண்டுதான் இருக்கிறது. ஜப்பானின் குமமோட்டோ மாநிலத்தில் இட்சுகி என்ற மலைக்கிராமத்தின் தாலாட்டு ஒன்று அந்நாடு முழுவதும் அறியப்பட்டது. அது தாய் பாடும் தாலாட்டல்ல. வறுமையினால் பிறர் வீட்டில் பிள்ளை பார்க்க அனுப்பப்பட்ட சிறுமி, ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு, தன் மரணத்தையும் நினைத்துக்கொண்டு, இன்னொருவர் குழந்தையைத் தோளில் கட்டியபடி பாடுவது. தக்கெதா தாலாட்டு என்று மற்றொன்று உண்டு. 1971இல் அக்காய் தொரி என்ற குழுவினர் இசைத்தட்டாக்கிய அது பெரும் புகழ் பெற்றது. ஆனால் ஒதுக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்பில் பிறந்த பாட்டு என்று தெரியவந்தபின், வம்பு எதற்கு என்று ஒலிபரப்பு நிலையங்கள் பல ஆண்டுகள் அதைத் தவிர்த்துவந்தன. இருட்டு என்று ஒதுக்கப்படும் பாட்டில் யாருடைய சங்கடம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொழும்புக்கும் கண்டிக்கும் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட நம் தோட்டத்துச் சிறுமிகளுக்கு இட்சுகிப் பாட்டை விளக்கவே வேண்டியதில்லை.

இரண்டாவது, நம் முன்னோர் இருண்ட பாட்டுக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மாசி மாதம் காமன் பொட்டலில் கம்பம் நட்டுக் கூத்து நடக்கும். சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தபின் ரதி அழுகிற அழுகையைத் தோட்டமே சுற்றி நின்று கேட்கும். சிறுபிள்ளைகளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடியில் இருந்து கேட்பார்கள். என் மகளும் அப்படிக் கேட்டவள்தான். பின்னர் காமனை உயிர்ப்பிக்கும் சடங்கும் உண்டு. அந்தப் புலம்பலைக் கேட்ட பிள்ளை கெட்டுப்போகும் என்று எவரும் எண்ணியதில்லை. காரணம், பிள்ளை தனியாகக் கேட்கவில்லை. அருகில் பாட்டியும் தப்படிப்பவரும் அயலவரும் இருந்தார்கள். பேத்தியோ நள்ளிரவில், காதில் கருவியைச் செருகிக்கொண்டு, தனியாகக் கேட்கிறாள். வேறுபாடு பாட்டில் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாததில் இருக்கிறது.

"பாட்டைக் கேட்டு யாராவது ஏதாவது செஞ்சிக்கிட்டா?" என்று மகள் விடவில்லை.

இதற்கு மழுப்பிப் பதில் சொல்லக் கூடாது. துன்பத்தில் இருக்கிற இளவயதினருக்குச் சாவைத் தீர்வாகவும் அழகாகவும் காட்டும் எழுத்து தீங்கு செய்யக்கூடும் என்பது மருத்துவர்களின் எச்சரிக்கை. பத்திரிகைகள் தற்கொலைச் செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்ற நெறிகள் அதிலிருந்து வந்தவை. நாங்கள் அந்தக் காலத்தில் முறையையும் கடிதத்தையும் விரிவாக எழுதித் தலைப்பிட்டவர்கள். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன். ஆகவேதான் "மறைதல்" என்பதைச் "சாவு" என்று எழுதிய அந்த ஆங்கிலக்காரர்மீது எனக்குக் கோபம். அது கலைக் குற்றம் மட்டுமன்று.

ஆனால் இன்னொரு செய்தியும் உண்டு. 1995இல் இருந்த அந்தக் கொடிய வீதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு ஆய்வாளர்கள் கூறும் முதன்மைக் காரணம், அரசு மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தது. பாட்டுகளை எவரும் தடைசெய்யவில்லை. வறுமை தீர்ந்துவிடவுமில்லை. கைக்கெட்டும் தூரத்திலிருந்த நஞ்சு அகன்றது. ஒரு கணத்தின் வேகம் தணியும்வரை உயிர் தப்ப வழி கிடைத்தது. வீட்டில் இருண்ட பாட்டுக் கேட்கும் பிள்ளை இருந்தால், கொப்பியை எரிப்பதைவிட, கொல்லைப்புறத்தில் மருந்து போத்தல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. பிள்ளையிடம் நேரடியாகக் கேட்பதும் நல்லது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்றே இத்துறையினர் சொல்கிறார்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.

இன்னொன்றையும் இங்கு சொல்ல வேண்டும். இருட்டைத் தவறாக மொழிபெயர்ப்பது பாட்டோடு நின்றுவிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. நம் பதுளை மாவட்டத்தின் துயரம் அது. அடுத்த நாட்களில் தொலைக்காட்சியில் தாய்மார் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதைக் காட்டினார்கள். தமிழ் தெரியாத பார்வையாளருக்கு அடியில் ஓடிய வரியும், மறுநாள் பத்திரிகைகளில் வந்ததும், மக்கள் கதறி அழுதனர் என்ற அளவில் இருந்தன. நான் தொலைக்காட்சியின் முன்னால் இருந்து சொற்களைக் கேட்டேன். அந்தப் பெண்கள் வெறுமனே கதறவில்லை. இடம் கேட்டதையும், இடம் கிடைக்காததையும், போகச் சொன்னவர்கள் எங்கே போவது என்று சொல்லாததையும் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மாற்று நிலம்தான் இருக்கவில்லை. அந்த ஒப்பாரி ஒரு முறைப்பாடு. பொலிஸ் நிலையத்தில் எழுதிக்கொள்ளத் தகுந்த தெளிவோடு இருந்தது. அதை "அழுதனர்" என்று மொழிபெயர்த்தவர், நான் முன்னர் செய்ததையே செய்தார்.

எனவே, இருண்ட பாடலை மொழிபெயர்க்க முனையும் இளையவர்களுக்கு, தவறு செய்து கற்றவன் என்ற உரிமையில் மூன்று சொல்வேன். மூலத்தில் இல்லாத சாவைச் சேர்க்காதீர்கள். இருக்கும் சாவை ஒளிக்காதீர்கள். யார் யாரிடம் பாடுகிறார் என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்பதையாவது வாசகருக்குச் சொல்லுங்கள். அடிக்குறிப்பால் கவிதை கெட்டால் கெடட்டும். துயருக்குப் பாடியவர் ஒரு காரணம் சொல்லியிருந்தால், அந்தக் காரணத்தின் பெயரை மாற்றாதீர்கள். ஆங்கில வழியாக வருவதை மட்டும் நம்பாமல், அகராதியையும் மூலத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மொழி முழுவதும் தெரியாவிட்டாலும் ஐந்து சொற்களைச் சரிபார்க்கலாம். சிலவேளை அந்த ஐந்திலேயே எல்லாம் இருக்கிறது.

கொப்பிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன்.

தொலைந்தது யார் என்ற கேள்வியில் நாங்கள் நின்றுவிட்டோம் என்று சொன்னேன் அல்லவா? "மூலம் சொல்லல. நீதான் முடிவு செய்யணும். உனக்கு யாருன்னு படுது?" என்று பேத்தியிடம் கேட்டேன். அவள் நெடுநேரம் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னர், வகுப்பில் தன் பக்கத்தில் இருந்த ஒருத்தி கடந்த ஆண்டு பாடசாலையை விட்டு நின்றுவிட்டதைச் சொன்னாள். தாய் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட, தம்பிமாரைப் பார்க்க ஆளில்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு வேறெங்கோ அனுப்பிவிட்டார்களாம். தொலைபேசி இலக்கமும் மாறிவிட்டது. வரவுப் பதிவேட்டில் அவள் பெயர்மீது சிவப்பு மையால் கோடு போட்டிருந்ததைப் பேத்தி பார்த்திருக்கிறாள். "டீச்சர்கூட எங்க போனான்னு கேக்கல தாத்தா." அந்தப் பிள்ளைதான் இப்பாடல்களை முதலில் இவளுக்குக் கேட்கக் கொடுத்தவள்.

இவ்வளவையும் அவள் தாயிடம் சொல்லியிருக்கவில்லை. மகள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வந்து பேத்தியின் அருகில் அமர்ந்து, "உனக்கும் அப்படிப் போயிடணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டாள். பேத்தி இல்லை என்றாள். "அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும்மா" என்றாள்.

அன்றிரவு பேத்தி ஐந்து இடங்களிலும் "சாவு" என்பதை வெட்டினாள். தன்மை விகுதிகளையும் வெட்டி, "தொலைந்தாள்" என்று எழுதினாள். ஆங்கிலத்தில் "நான்" என்றிருந்த இடமெல்லாம் தமிழில் "அவள்" ஆயிற்று. ஜப்பானியக் கவிஞர் அப்படித்தான் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் விட்டுவைத்த இடத்துக்குள் அது அடங்கும் என்பது மட்டும் தெரியும். பக்கத்தின் அடியில் ஓர் அடிக்குறிப்பும் எழுதினாள்: மூலத்தில் ஆள் குறிப்பிடப்படவில்லை; இது மொழிபெயர்ப்பாளரின் தெரிவு.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதத் தவறிய அடிக்குறிப்பு அந்த வகையைச் சேர்ந்தது. விடுமுறை முடிந்து பஸ் ஏறும்போது மகள் கொப்பியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியையைச் சந்தித்து அந்தப் பிள்ளையின் முகவரியைக் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.